சலவைக்கார வெர்ஸோவும் எங்கள் ஊர்ச் சக்கரவர்த்தியும்

என் அண்ணன் வெர்ஸோ நல்லவன் என்று ஒரு காலத்தில் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. பட்டாளத்து ஊரில் மதுக்கடை வைத்திருக்கிறவள் எடுத்த எடுப்பில் ஒருத்தனை நல்லவன் என்று சொல்லிவிட்டால் அவள் கடையும் நிலைக்காது, தலையும் நிலைக்காது. எனக்கு இரண்டும் இன்றுவரை இருக்கின்றன.

அவனைப் பற்றிச் சொல்வதானால் நாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பாசறை வாசலுக்கு எதிரே அவனுடைய சலவைக் கடை, தெருவுக்கு அந்தப் பக்கம் என் கடை. சிப்பாய்களின் கம்பளி அங்கிகளையும் மேலாடைகளையும் தொட்டியில் போட்டு மிதித்து, கந்தகப் புகை காட்டி வெளுத்துக் கொடுப்பான். கம்பளியின் பிசுக்கு போவதற்குப் புளித்த மூத்திரத்தை விட மேலான மருந்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்காக என் கடை மூலையில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜாடி வைத்திருந்தான். என்னிடம் வாற்கோதுமை மது குடித்தவன் போகிற போக்கில் அவன் ஜாடியில் இறக்கிவிட்டுப் போவான். அண்ணனும் தங்கச்சியும் ஒரே சரக்கை இரண்டு தரம் விற்கிறார்கள் என்று சிப்பாய்கள் கேலி செய்வார்கள்.

நாங்கள் மலையில் ஆடு மேய்த்த குடும்பம். பதினெட்டு வயதில் வெர்ஸோ பட்டாளத்தில் சேர இறங்கி வந்தபோது, பக்கத்துக் கொட்டிலில் இருந்த லிக்கோவும் கூடவே வந்தான். ஒரே நாளில் இருவருக்கும் உயரம் அளந்தார்கள், ஒரே கூடாரத்தில் போட்டார்கள். எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு திரிகைக்கல், ஒரு கோவேறு கழுதை. இரண்டாம் குளிர்காலத்தில் தனூவியஸ் ஆறு உறைந்தது. அக்கரைக்காரர்கள் நடந்தே வந்து கொள்ளையடித்துப் போக, இவர்கள் துரத்திக்கொண்டு போனார்கள். நடு ஆற்றில் பனிப்பாளம் உடைந்து என் அண்ணன் உள்ளே போய்விட்டான். லிக்கோதான் முடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை முதுகில் சுமந்து கொண்டு வந்து சேர்த்தான். இடது காலில் ஐந்து விரலும் போயின. விரல் இல்லாதவன் அணிவகுப்பில் நடக்க முடியாது, தொட்டியில் மிதிக்கலாம். வெர்ஸோ சலவைக்காரன் ஆன கதை இதுதான்.

லிக்கோ மேலே மேலே போனான். குதிரைப்படை, அப்புறம் நூறு பேருக்குத் தலைவன், அப்புறம் ஆற்றங்கரை முழுவதற்கும் தளபதி. அதற்குள் சக்கரவர்த்திகள் ஐந்து பேர் மாறியிருந்தார்கள். ஐந்தில் ஒருவர்கூடப் படுக்கையில் சாகவில்லை. ஐந்தாமவரை அவருடைய சிப்பாய்களே எங்கள் பாசறையில் வெட்டிப் போட்டபோது, அடுத்த ஆள் கையோடு வேண்டியிருந்தது. ஆள் இருந்தான், சக்கரவர்த்தி ஒருவரே உடுத்தக்கூடிய ஊதா அங்கி இல்லை. பாசறைக் கோயிலில் வெற்றி தேவி சிலையின் தோளில் ஓர் ஊதா அங்கி உண்டு. அதை உருவி வந்து லிக்கோவின் மேல் போட்டார்கள். வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னாராம். நாலாம் தரம் சொல்லியிருந்தால் சொல்வதற்குக் கழுத்து இருந்திருக்காது.

அன்றிலிருந்து லிக்கோ 'அவர்' ஆனார். பெயரும் இரண்டு முழம் நீண்டது. காசில் முகம் வந்தது. மூக்கைத் தவிர எதுவும் அவருடையது இல்லை. குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஆண்டார். அக்கரைக்காரர்களை அடித்து விரட்டினார். சிப்பாய் தின்கிற பருப்பையும் பன்றிக் கொழுப்பையும்தான் தானும் தின்றார். ஆனால் சண்டை இல்லாத நாளில் சிப்பாயைச் சும்மா உட்கார விடவில்லை; சதுப்பை வடிய வைக்கிறேன் என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். வாளுக்குக் கை நீட்டி வந்தவன் வாய்க்கால் வெட்டுவானா? முணுமுணுத்தான். முணுமுணுப்பைக் கேட்கவென்று அவர் ஆட்கள் வைத்திருந்தார். தானியக்காரர் என்று பெயர். அவர்கள் மரக்காலால் அளந்ததை நான் பார்த்ததில்லை. யார் வாய் எவ்வளவு நீளம் என்றுதான் அளப்பார்கள். முதல் வருஷத்திலேயே நாலு தளபதிகளின் தலை போயிற்று.

இனி என் புருஷனைச் சொல்ல வேண்டும். பெயர் சூரஸ், நூறு பேருக்குத் தலைவன். நல்ல உயரம். கதவு எல்லாவற்றிலும் தலை இடித்துக்கொள்வான். சிப்பாய்களுக்கு அவன் மேல் பிரியம், ஏனென்றால் வாய்க்காலில் அவனும் இறங்கி வெட்டுவான். பிரியமுள்ள அதிகாரியின் பெண்டாட்டியாக இருப்பதை விட ஊர் வெறுக்கிறவனின் பெண்டாட்டியாக இருப்பது நிம்மதி. வெறுக்கிறவனை யாரும் சிம்மாசனத்தில் ஏற்ற மாட்டார்கள்.

லிக்கோ ஆட்சியின் இரண்டாம் வருஷம், தேவியின் திருவிழாவுக்கு முன்னால், சிலைக்கே திருப்பிப் போட்டிருந்த ஊதா அங்கி வழக்கம்போல வெர்ஸோவிடம் சலவைக்கு வந்தது. ஊதாக் கம்பளியை அலசியதும் படுக்கப்போட்டுக் காயவைக்கக் கூடாது. நிற்கிற உருவத்தின் மேல் போட்டு, முட்செடியின் காய்ந்த பூத்தலையால் மேலிருந்து கீழே சீவ வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழாது. அதற்கென்று பிரம்பில் ஓர் உயரமான கூடு வைத்திருந்தான். முந்தின வாரம் கந்தகத் தீ பிடித்து அது எரிந்துவிட்டது. தேவியோ ஆளை விட உயரம். ஊரில் அந்த உயரத்துக்கு ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் தன் மேலாடையை வாங்கிப் போக உள்ளே வந்தான்.

"மாப்ளே, நல்ல நேரத்துக்கு வந்தே. அந்த வெளிச்சத்துல சித்த நில்லு" என்றான் வெர்ஸோ.

"என்ன மச்சான், என்னைய பொம்பள ஆக்கப் போறியா?"

"தேவி ஆக்கப் போறேன். கைய ஆட்டாம நில்லுய்யா, மடிப்பு கலையுது."

வெளிச்சத்துக்காகக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தான் என் அறிவாளி அண்ணன். சூரஸ் ஊதாவில் நிமிர்ந்து நிற்கிறான். வெர்ஸோ அவன் காலடியில் மண்டியிட்டு விளிம்பைச் சீவுகிறான். அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் இருந்து நாற்பது பேர் சேறும் சகதியுமாக என் கடைக்குத் திரும்பி வந்தார்கள். கண்ணில் பட்டது என்ன? ஊதாவில் ஒருத்தன், முன்னால் மண்டியிட்டு ஒருத்தன்.

"அகஸ்டஸ்! தேவர்கள் உன்னைக் காக்கட்டும்!" என்று, சக்கரவர்த்திக்குச் சொல்கிற வாழ்த்தை ஒருவன் விளையாட்டாகக் கத்தினான். இரண்டாமவனும் விளையாட்டாகத்தான் கத்தினான். பத்தாவது ஆள் கத்தியபோது அது விளையாட்டாக இல்லை. மண்வெட்டிகளைக் கேடயத்தில் தட்டுவதுபோலத் தரையில் தட்டினார்கள். நான் கரண்டியோடு வாசலில் நின்று முதலில் சிரித்தேன். மறைக்க மாட்டேன், சிரித்தேன்.

சூரஸ் அங்கியை உருவி எறிந்தான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. என் கடை மூலையில் உட்கார்ந்திருந்த தானியக்காரர் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். குடிக்காமல் வைத்துப் போன கோப்பையைக் கண்டால் இன்றைக்கும் நான் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன்.

எங்கள் நாட்டில் ஒருத்தனைப் பார்த்து அப்படிக் கத்திவிட்டால் அவனுக்கு இரண்டே வழி. ஒன்று சிம்மாசனம், இல்லாவிட்டால் குழி. சக்கரவர்த்தி இரண்டு நாள் நடை தூரத்தில் பாளையம் இறங்கியிருந்தார்.

"ஓடிடுய்யா, அக்கரைக்கு ஓடிடு" என்றேன் சூரஸிடம்.

"ஓடினா குத்தவாளின்னு ஆயிடும்."

"நின்னா?"

"நின்னாலும் அதான்டீ."

வெர்ஸோ தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காலில் சுற்றிய துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். "நான் போய் அவன்கிட்ட சொல்றேன்" என்றான்.

"அவனா? நாலு தளபதிங்க தலைய எடுத்தவருண்ணே அவரு. உன்னைய எங்க ஞாபகம் இருக்கப்போவுது?"

"பிரம்புக் கூடு எரிஞ்சு போச்சுன்னு சொல்லுவேன். நடந்தது அதானே."

மறுநாள் காலை எரிந்த கூட்டின் மிச்சத்தையும் தேவியின் அங்கியையும் ஒரு கழுதை மேல் கட்டிக்கொண்டு புறப்பட்டான். பார்க்கவே கேவலமாக இருந்தது. ஐந்தாம் நாள் சக்கரவர்த்தியின் படைக்குப் பின்னால் அதே கழுதையில் திரும்பி வந்தான்.

தலைகள் உருளும் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. கத்திய நாற்பது பேருக்கு ஒரு கசையடிகூட இல்லை. சூரஸின் பதவியையும் தொடவில்லை. இனிமேல் தேவிக்குத் துணி வேண்டாம், சிலைக்கே ஊதாச் சாயம் பூசுங்கள் என்று ஓர் உத்தரவு, அவ்வளவுதான். ஊர் பெருமூச்சு விட்டது. எனக்கு மூச்சு அப்போதுதான் முட்டியது. கொடுக்க வேண்டிய அடியைக் கொடுக்காமல் போகிறவன் அதை எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

"என்ன சொன்னேண்ணே அவர்கிட்ட?"

"நடந்தத சொன்னேன்."

"நம்பிட்டாரா?"

"நம்பிட்டான்."

"சும்மாவா?"

"சும்மாதான்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தான்.

சும்மா எதுவும் கிடைக்காது என்று எனக்கு என் தொழில் கற்றுக் கொடுத்திருக்கிறது. நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். சந்தைக்குச் சந்தை அந்தத் தானியக்காரர் வெள்ளை அங்கி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வெர்ஸோ கடைக்குள் போவார், கதவு சாத்தப்படும். வெயில் படாமல் என் கடை மூலையில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குச் சந்தைக்கு ஒரு தரம் வெளுக்க அப்படி என்ன அழுக்கு? இரண்டு மாதத்தில், சம்பளம் தாமதம் என்று உரக்கப் பேசிய இரண்டு சிப்பாய்கள் கிழக்கு எல்லைக்கு மாற்றலானார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

ஊருக்கும் புரிந்தது. சிப்பாய்கள் அங்கியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். ஜாடிப் பக்கமே யாரும் வரவில்லை. மழையிலும் சேற்றிலும் பாசறை மதில் ஓரம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார்கள். அதைக்கூட அவனுக்குக் கொடுக்க மாட்டோம் என்று வைராக்கியம். என் அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்வரைக்கும் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "ஊர்ல ஒன்ன ஒற்றன்னு சொல்றாங்க. நெசந்தானே?"

"துணிய வச்சிட்டுப் போ, அப்லி. சாயங்காலம் தர்றேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சூரஸிடம் சொன்னேன்.

"எங்கண்ணன நம்பாதே. ரெண்டு பேர வெளுத்துட்டான். ஒரு நாள் ஒன்னையும் தொட்டியில போட்ருவான்."

"மச்சான் அப்படிப்பட்ட ஆளு இல்லடீ."

"அன்னிக்கு ஒன்ன ஏன் விட்டாங்க? வெட்டுற ஆட்டத்தான்யா கொட்டில்ல வச்சிருப்பாங்க."

இதை நான் ஒரு தரம் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் சொன்னேன், சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும், சூரஸ் கல்லுகூட இல்லை. முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் சாப்பாடு. குதிரையின் குளம்படி கேட்டால் எழுந்து நிற்பான். பிறகு வேறு சில அதிகாரிகளோடு ஆற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தான். என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்தது. தடுக்கவில்லை நான். "முந்திக்கோ" என்று ஒரு நாள் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

நாலாம் வருஷத்து வசந்தத்தில் சக்கரவர்த்தி வாய்க்காலைப் பார்வையிட வந்தார். வந்த மறுநாள் மத்தியானம், காவலுக்கு ஒரே ஆளை வாசலில் நிறுத்திவிட்டு வெர்ஸோ கடைக்குள் நுழைந்தார். இந்தத் தடவை கதவு சாத்தவில்லை. என் கடையிலிருந்து எல்லாம் தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் உலகத்துக்கே அதிபதி உட்கார்ந்திருக்கிறார். என் அண்ணன் பானையிலிருந்து பருப்பை அள்ளிப் போடுகிறான். இரண்டு பேரும் தலையைக் குனிந்து பேசுகிறார்கள். அவர் சிரிக்கிறார்.

அடுப்பில் மது பொங்கிக்கொண்டிருந்தது, அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வாய்க்கால் மேட்டில் நின்ற சூரஸின் கையைப் பிடித்து, "சொல்லிட்டான்யா. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டான். என் கண்ணால பாத்தேன்" என்றேன். சூரஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர்கள் நாலு நாள் கழித்துச் செய்வதாக இருந்தது. மறுநாள் காலையிலேயே செய்தார்கள். குதிரைகளைப் பார்வையிட அவர் லாயத்துக்குள் வந்தபோது நாற்பத்தொரு பேர் சூழ்ந்துகொண்டார்களாம். கத்தக்கூட நேரம் இல்லையாம். கால் நாழிகையில் வேறொரு தளபதியின் பெயரைச் சொல்லி ஊர் அதிரக் கத்தினார்கள். நல்ல வேளை, அது என் புருஷன் பெயர் இல்லை.

மத்தியானம் சூரஸ் வந்து அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அந்த ரத்தத்தை எடுக்க ஊரில் ஒரே ஆளால்தான் முடியும். அதற்காக மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். எஜமான் செத்த நாளில் ஒற்றன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கவும்தான் போனேன்.

வெர்ஸோ தொட்டியில் நின்று மிதித்துக்கொண்டிருந்தான். நான் அங்கியை அவன் முன்னால் போட்டேன்.

"ஒன் கூட்டாளி போயிட்டான். இனிமே யாருகிட்ட ஊதுவே?"

அவன் இறங்கி வந்து அங்கியைத் திருப்பிப் பார்த்தான். தனியாக ஒரு வாளியில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கினான். "ரத்தத்துக்கு வெந்நி ஆவாது. மத்தவங்க வீட்டுலயும் சொல்லு. அவங்களும் கொண்டாருவாங்க."

"எந்த மத்தவங்க?"

"மீதி நாப்பது பேரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்த சந்தையன்னிக்கு வாங்க வேண்டிய துணிய முந்தாநாளே வந்து கேட்டாங்க. ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, நாப்பத்தொரு பேரு. இன்னும் காயலடான்னேன். பரவால்ல குடுன்னாங்க. ஈரத்தோட எவனாவது துணி வாங்குவானா அப்லி? எந்த நேரமும் கெளம்ப வேண்டியவன்தான் வாங்குவான். மாப்ளயும் வாங்கிட்டுப் போனான்."

"அப்ப நேத்து... அவரு வந்தப்ப ஒனக்கு..."

"தெரியும்."

நான் கவிழ்ந்து கிடந்த தொட்டி மேல் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் கழுதையில போனேன்ல" என்றான். "மாப்ளய விட்டுடுறேன், ஆனா பாசறையில எனக்கு ஒரு காது வேணும்னான். சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல? சந்தைக்குச் சந்தை ஏதாவது சொல்லி அனுப்பினேன். கிழக்க போனானுங்களே ரெண்டு பேரு, அது என் வாயாலதான். அத இல்லேங்க மாட்டேன்."

"நேத்து என்னண்ணே கேட்டாரு?"

"எப்பவும் கேக்குறதுதான். 'வெர்ஸோ, பாசறை எப்படிடா இருக்கு'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"நல்லாயிருக்கு, ஈரந்தான் காய மாட்டேங்குதுன்னேன். சிரிச்சான். இன்னும் ரெண்டு கரண்டி பருப்பு போடுன்னான். போட்டேன்."

வாளித் தண்ணீர் சிவந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினான். மறுபடி அங்கியை அமுக்கினான். எனக்குத்தான் தாங்கவில்லை. ஓவென்று அழுதேன். ஒரு வார்த்தை, 'சூரஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லிக்கோ பிழைத்திருப்பார், நான் தாலியறுத்திருப்பேன். அவன் சொல்லவில்லை. நான்தான் ஊரைக் கூட்டாத குறையாக ஓடிப்போய் அவன் சொல்லிவிட்டான் என்றேன்.

"மாப்ளகிட்ட இத சொல்லாதே" என்றான் வெர்ஸோ.

"ஏண்ணே? அவன் ஒன் கால்ல விழுவானே."

"விழ மாட்டான். எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சா என்னப் பாத்து பயப்படுவான். பயந்தவன் என்ன செய்வான்னு இன்னிக்குப் பாத்தோம்ல?"

புதிய சக்கரவர்த்தி பழையதைக் கிளறவில்லை. அவருக்கே அது நல்லதில்லை. சூரஸ் காலம் முடிந்து பட்டாளத்திலிருந்து விலகி வந்து என்னோடு கடையில் இருக்கிறான். வெர்ஸோ அதன்பின் ஆறு வருஷம் இருந்தான், நெஞ்சில் கந்தகப் புகை ஏறிச் செத்தான். ஒற்றன் செத்தான் என்று ஊர் சொன்னது. பாடை தூக்க நாலு ஆள் சேரவில்லை. ஒரு முனையை நான் தூக்கினேன்.

இப்போதும் சில நாள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது சூரஸ் கையை நிறுத்துவான்.

"ஏன்டீ, அன்னிக்கு ஒங்கண்ணனுக்கு ஏதாச்சும் தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சிருந்தா யாருகிட்டயாவது எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பானோ?"

"அவனுக்கு என்ன தெரியும்? துணி மிதிக்கிறவன்" என்பேன்.

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பான். பிறகு சாப்பிடுவான்.